மாநில உரிமைக்காக நடந்த போர் இல்லைங்க அது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். படமெல்லாம் அருமையா போட்டிருந்தீங்க, கெட்டிஸ்பர்க் சண்டைய விவரிச்ச விதமும் நல்லா இருந்துச்சு. ஆனா போருக்கு காரணம் என்னன்னு ரெண்டே பாராவுல சொல்லி முடிச்சாங்க பாருங்க, அதுதான் மனசுக்கு ஒப்பல. அடிமை முறைங்கறது சும்மா ஒரு சாக்கு, நிஜமான சண்டை சுங்க வரிக்கும் மாநில உரிமைக்கும் தான்னு எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ல மாநில உரிமைன்னு சொன்னாலே ஒரு பாசம் வந்துடும், எனக்கும் வரும், அதனாலயே இந்த வாதம் தமிழ்ல எழுதினா கேள்வி கேக்காம உள்ள போயிடுது. அதான் கொஞ்சம் நீளமா எழுதறேன், இடம் இருந்தா வெட்டாம போடுங்க.

முதல்ல அமெரிக்காவ விட்டு பிரிஞ்சு போன தென்மாநிலங்கள் என்ன காரணம் சொல்லிட்டு போனாங்கன்னு பாப்போமே. 1860 டிசம்பர் 20ஆம் தேதி சவுத் கரோலினா தான் முதல்ல வெளிய போச்சு. நாலு நாள் கழிச்சு, நாங்க ஏன் போறோம்னு ஒரு அறிக்கை விட்டாங்க. அதை எடுத்து படிச்சா சுங்க வரி பத்தின பேச்சே இல்ல சார். என்ன புகார்னா, எங்ககிட்ட இருந்து ஓடிப்போன அடிமைங்கள வடக்கு மாநிலங்கள் பிடிச்சு தர மாட்டேங்குது, அதுக்கு குறுக்க சட்டம் போடுது, அடிமைய கூட்டிட்டு நியூயார்க் வழியா போற உரிமைய கூட அந்த மாநிலம் எடுத்துடுச்சு, சில மாநிலத்துல கறுப்பினத்தவங்களுக்கு ஓட்டு கூட குடுக்குறாங்க. இதுதான் புகார். அதாவது வடக்கு மாநிலங்கள் தங்களோட மாநில உரிமைய பயன்படுத்துனது தான் இவங்களுக்கு குத்தமா போச்சு! அடுத்து போன மிசிசிப்பி இன்னும் வெளிப்படை, எங்க நிலைப்பாடு முழுக்க முழுக்க அடிமை முறையோட பிணைஞ்சதுன்னு அறிக்கையோட ஆரம்பத்துலயே எழுதி வச்சிருக்கு.

இதுக்கு பத்து வருஷம் முன்னாடி, 1850ல ஓடிப்போன அடிமைகளுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. தென்மாநிலங்கள் கேட்டு வாங்குன சட்டம், அதுவும் மத்திய அரசு சட்டம். ஒருத்தர ஓடி வந்த அடிமைன்னு பிடிச்சா அவருக்கு ஜூரி கிடையாது, அவரே தன் பக்கத்த சொல்லி சாட்சி குடுக்க முடியாது, மத்திய அரசு நியமிச்ச கமிஷனர் ஒருத்தர் தான் முடிவு பண்ணுவார். அந்த கமிஷனருக்கு ஃபீஸ் எவ்ளோ தெரியுமா, இவன் அடிமை இல்லன்னு விட்டுட்டா 5 டாலர், அடிமை தான்னு எழுதி அனுப்பி வச்சா 10 டாலர். ரெண்டாவதுக்கு பேப்பர் வேலை ஜாஸ்தின்னு ஒரு சமாதானம் வேற சொன்னாங்க. தப்பிச்சு வந்தவருக்கு ஒளிஞ்சுக்க இடம் குடுத்தா 1,000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். வடக்குல தன் பாட்டுக்கு கடை வச்சு பொழச்சிட்டு இருந்தவன கூட, வா வந்து பிடிக்க உதவி பண்ணுன்னு கூப்பிட அதிகாரம் இருந்துச்சு. இதுல மாநில உரிமை எங்க இருக்கு?

விஸ்கான்சின் கதைய கட்டுரையில தொடவே இல்ல. மிசூரியில இருந்து தப்பிச்சு வந்த ஜோஷுவா குளோவர்ங்கறவர 1854ல பிடிச்சு மில்வாக்கி ஜெயில்ல போட்டாங்க, ஊர் ஜனம் திரண்டு வந்து ஜெயில உடைச்சு அவர கனடா பக்கம் அனுப்பி வச்சுட்டாங்க. அப்புறம் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றமே இந்த மத்திய சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. 1859ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அத தூக்கி எறிஞ்சு, மாநில கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாதுன்னு சொல்லிடுச்சு. மாநில உரிமை பேசுறவங்க விஸ்கான்சின் பக்கம் தானே நின்னிருக்கணும்? நிக்கலயே.

பாஸ்டன்ல ஆன்டனி பர்ன்ஸ்னு ஒருத்தர். விர்ஜினியாவுல இருந்து கப்பல்ல ஒளிஞ்சு வந்து ஒரு துணிக்கடையில வேலை பாத்துட்டு இருந்தார், 1854 மே மாசம் பிடிச்சுட்டாங்க. கோர்ட்ட முற்றுகை போட்டதுல காவல்ல நின்ன ஒருத்தர் செத்தும் போயிட்டார். கடைசியில ஜூன் 2ஆம் தேதி, அந்த ஒத்தை மனுஷன கப்பல் ஏத்துறதுக்கு ராணுவம், கடற்படை வீரர்கள், உள்ளூர் படைன்னு வீதி முழுக்க நிறுத்தி கூட்டிட்டு போனாங்க, ஜனாதிபதி பியர்ஸ் செலவ பாக்காம ஆள் அனுப்புனார். தெரு நெடுக ஜனம், கட்டடங்கள்ல கறுப்பு துணி தொங்குது, ஒரு இடத்துல சுதந்திரம்னு எழுதி ஒரு சவப்பெட்டிய குறுக்க தொங்க விட்டிருந்தாங்க. அடிமை ஒழிப்புன்னா ஏதோ கிறுக்கனுங்க பேச்சுன்னு நினைச்சுட்டு இருந்த வியாபாரி, வக்கீல் எல்லாம் அன்னைக்கு மனசு மாறி வீட்டுக்கு போனாங்க. அடுத்த வருஷம் பாஸ்டன்காரங்க காசு சேத்து 1,300 டாலர் குடுத்து பர்ன்ஸ விலைக்கு வாங்கி விடுதலை பண்ணுனாங்க.

இதே வாரத்துல தான், மே 30ஆம் தேதி, கான்சஸ் நெப்ராஸ்கா சட்டத்துல பியர்ஸ் கையெழுத்து போட்டார். இதுக்கு கொஞ்சம் பழைய கணக்கு தெரியணும். 1819ல அடிமை மாநிலம் 11, அடிமை இல்லாத மாநிலம் 11, ஒரு மாநிலத்துக்கு ரெண்டு பேர்னு செனட் தராசு சரியா நின்னுச்சு. மிசூரி உள்ள வந்தா தராசு சாயும்னு 1820ல ஒரு பேரம் பேசி, மிசூரி அடிமை மாநிலமா வரட்டும், மெயின் மாநிலம் அடிமை இல்லாத மாநிலமா வரட்டும், இனிமே 36 டிகிரி 30 நிமிஷம் கோட்டுக்கு வடக்க, மிசூரி நீங்கலா, மேற்கு நிலத்துல அடிமை முறை கூடாதுன்னு கோடு கிழிச்சாங்க. முப்பது வருஷத்துக்கு மேல அந்த கோடு தான் நாட்ட பிடிச்சு வச்சுட்டு இருந்துச்சு. இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸுக்கு சிகாகோவுல இருந்து மேற்க ரயில் விடணும்னு ஆசை, அதுக்கு தென்மாநில ஓட்டு வேணும், அதனால கோட்டையே அழிச்சு, அந்தந்த இடத்து ஜனங்களே அடிமை முறை வேணுமா வேணாமான்னு ஓட்டு போட்டு முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டார். கேக்க ஜனநாயகமா தான் இருக்கு. 1855 மார்ச்ல கான்சஸ்ல தேர்தல் நடந்துச்சு, கணக்கெடுப்பு படி ஓட்டுரிமை உள்ளவங்க 2,905 பேர், பொட்டியில விழுந்தது 6,307 ஓட்டு! மிசூரியில இருந்து துப்பாக்கியோட கும்பல் கும்பலா வந்து குத்திட்டு போயிட்டாங்க. கள்ள ஓட்டுன்னா நமக்கு சொல்லியா தரணும்.

அப்புறம் 1856 மே மாசம். 21ஆம் தேதி கான்சஸ்ல லாரன்ஸ் ஊர அடிமை ஆதரவு கும்பல் சூறையாடுச்சு. அடுத்த நாள் வாஷிங்டன்ல செனட் அரங்கத்துக்குள்ளயே ஒரு சம்பவம், இத கட்டுரையில ஒரே வரியில தாண்டி போயிட்டீங்க, எனக்கு என்னவோ இதுதான் எல்லாத்தையும் காட்டுதுன்னு தோணுது. மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் கான்சஸ் அநியாயம் பத்தி ரெண்டு நாள் பேசியிருந்தார், பேச்சுல சவுத் கரோலினா செனட்டர் பட்லர ரொம்ப கேவலமா தாக்கியும் இருந்தார். சபை முடிஞ்சப்புறம் தன் மேசையில உக்காந்து அந்த பேச்சு பிரதிய தபால்ல அனுப்ப எழுதிட்டு இருக்கார். பட்லரோட உறவுக்காரர் பிரெஸ்டன் புரூக்ஸ், கீழ்சபை உறுப்பினர், தங்கப் பூண் போட்ட கைத்தடியோட வந்து மண்டையிலயே அடிக்கிறார். மேசை தரையோட திருகி வச்சது, சம்னர் நெட்டை ஆளு, கால் உள்ள மாட்டிக்கிச்சு, எந்திரிக்க முடியல, கடைசியில மேசையையே தரையில இருந்து பிடுங்கிட்டு எந்திரிச்சு ரத்தத்துல தடுமாறி விழுறார், தடி துண்டு துண்டா உடையற வரைக்கும் அவன் விடல. சம்னர் முழுசா வேலைக்கு திரும்ப மூணு வருஷம் ஆச்சு, அது வரைக்கும் அந்த நாற்காலிய காலியாவே வச்சிருந்தாங்க. புரூக்ஸுக்கு என்ன தண்டனைன்னா 300 டாலர் அபராதம். பதவிய விட்டு நீக்க மூணுல ரெண்டு பங்கு ஓட்டு கிடைக்கல, அவரே ராஜினாமா பண்ணிட்டு ஊருக்கு போய் மறுபடி ஜெயிச்சு வந்தார், தெற்குல இருந்து ஆளாளுக்கு புதுத் தடி வாங்கி பரிசா அனுப்புறாங்க! அதே மாசம் 24ஆம் தேதி ராத்திரி கான்சஸ்ல அடிமை ஒழிப்புக்காரர் ஜான் பிரவுன் தன் ஆளுங்களோட போய் அடிமை ஆதரவு பக்கத்து ஆட்கள் அஞ்சு பேர வீட்ல இருந்து இழுத்துட்டு வந்து வெட்டி கொன்னார், அதையும் சொல்லிடணும், ஒரு பக்கம் மட்டும் தான் ரத்தம் சிந்த வச்சதுன்னு ஆயிடக்கூடாது.

1857ல, விடுதலை கேட்டு கேஸ் போட்ட டிரெட் ஸ்காட்ங்கற அடிமையோட வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவர் அமெரிக்க குடிமகனே ஆக முடியாது, மேற்கு பிரதேசத்துல அடிமை முறைய தடுக்க காங்கிரஸுக்கு, அதாவது அவங்க நாடாளுமன்றத்துக்கு, அதிகாரமே இல்லன்னு சொல்லிட்டார். இதுக்கு மேல என்ன பேரம் பேச? அங்க இருந்த ரெண்டு பெரிய கட்சியில ஒண்ணான விக் கட்சி அதுக்கு முன்னாடியே உடைஞ்சு காணாம போச்சு, அந்த இடத்துல அடிமை முறை பரவக்கூடாதுங்கற ஒரே புள்ளியில ரிபப்ளிகன் கட்சி வந்துச்சு. சர்ச்சுங்க இதுக்கெல்லாம் முன்னாடியே உடைஞ்சாச்சு, மெதடிஸ்ட் 1844ல, பாப்டிஸ்ட் 1845ல, வடக்கு ஒண்ணு தெற்கு ஒண்ணு. மிச்சம் இருந்தது டெமாக்ரடிக் கட்சி தான், அது 1860 ஏப்ரல்ல சார்ல்ஸ்டன் மாநாட்டுல உடைஞ்சுச்சு. எதுக்கு உடைஞ்சுச்சுன்னு பாருங்க, மேற்கு பிரதேசங்கள்ல அடிமை உடைமைய மத்திய அரசே காப்பாத்தணும்னு கட்சி அறிக்கையில போடுங்கன்னு தெற்கு கேட்டுச்சு, டக்ளஸ் ஆளுங்க முடியாதுன்னாங்க, வெளிநடப்பு. இங்கயும் தெற்கு கேட்டது மத்திய அரசோட கைய தான்.

நாலு பேர் போட்டி போட்டதுல லிங்கன் 40 சதவீதத்துக்கும் ஒரு துளி குறைவான ஓட்டுல ஜெயிச்சார், பத்து தென்மாநிலத்துல அவர் பேருல ஓட்டுச் சீட்டே கிடையாது. அவர் பதவி ஏத்துக்கறதுக்குள்ளயே ஏழு மாநிலம் போயாச்சு. சுங்க வரின்னு எழுதியிருக்கீங்களே, 1857ல வந்த வரி பல வருஷத்துலயே கம்மியான வரி, தெற்கு ஆதரவோட வந்தது. வரிய ஏத்துன மோரில் சட்டம் செனட்ல தேறுனது 1861 பிப்ரவரி 20, தென்மாநிலக்காரங்க எந்திரிச்சு போய் நாற்காலி காலியானப்புறம். போனதால வந்த வரிய, போனதுக்கு காரணம்னு சொன்னா எப்படி சார்?

வடக்க புனிதர்னு நான் சொல்ல வரல. நியூயார்க் பேங்குங்க, நியூ இங்கிலாந்து மில்லுங்க எல்லாம் தெற்கு பருத்தியில தான் கொழுத்துச்சு. இல்லினாய் மாநிலமே 1853ல கறுப்பினத்தவங்க வந்து குடியேறக்கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. லிங்கன் ஏற்கனவே இருக்கற மாநிலங்கள்ல அடிமை முறைய தொட மாட்டேன்னு பதவியேற்பு நாள்லயே சொன்னார், காங்கிரஸும் அதுக்குன்னே ஒரு அரசியல் சாசன திருத்தத்த ரெண்டு சபையிலயும் நிறைவேத்தி வச்சிருந்துச்சு. கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர், மிசூரின்னு நாலு அடிமை மாநிலங்கள் யூனியன் பக்கமே, அதாவது வடக்கு பக்கமே இருந்துச்சு. வடக்கு ஆரம்பத்துல இறங்குனது நாடு உடையக்கூடாதுன்னு தான், விடுதலைங்கறது 1863 ஜனவரி 1ல தான் போரோட குறிக்கோளா சேந்துச்சு. ஆனா தெற்கு எதுக்கு போச்சுங்கறது வேற கேள்வி, கட்டுரை இந்த ரெண்டையும் போட்டு குழப்புது. அவ்ளோ உறுதி குடுத்தும் ஏன் போனாங்கன்னா, 1860 கணக்கெடுப்பு படி கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமையா இருந்தாங்க, அவங்கள வச்சு தான் வருஷத்துக்கு சுமார் 40 லட்சம் பேல் பருத்தி, நாட்டோட மொத்த ஏற்றுமதியில பாதிக்கு மேல அந்த பருத்தி. அந்த அடிமைகளோட சந்தை விலைய கூட்டினா நாட்டுல இருந்த ரயில்வே, ஃபேக்டரி மூலதனம் எல்லாத்தையும் சேத்தா வர்றத விட ஜாஸ்தின்னு வரலாற்று ஆசிரியர்கள் கணக்கு போட்டிருக்காங்க. இவ்ளோ சொத்து மேல உக்காந்திருக்கறவன் பரவ விடாம தடுத்தாலே பயப்படுவான். (இந்த போர்ல தெற்கு பருத்தி நின்னு போனதும் லிவர்பூல் சந்தையில நம்ம திருநெல்வேலி சீமை பருத்திக்கு அடிச்ச யோகம் தனிக்கதை, தூத்துக்குடி துறைமுகம் பத்தி எழுதுறப்ப யாராவது எழுதுங்க.)

1861 ஏப்ரல் 12 விடியக்காலம் சவுத் கரோலினாவுல மத்திய அரசு வச்சிருந்த சம்டர் கோட்டை மேல குண்டு விழுந்துச்சு, போர் ஆரம்பிச்சுது. நாலு வருஷத்துல செத்தவங்க 6,20,000 பேர்னு ரொம்ப காலமா சொல்லிட்டு இருந்தாங்க, புது ஆய்வுகள் அதுக்கும் மேலன்னு சொல்லுது.

கடைசியா ஒண்ணு. மாநில உரிமைக் கதை எங்க இருந்து கிளம்புச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா பிரிஞ்சு போன மாநிலங்கள் சேந்து அமைச்ச தெற்கு கூட்டமைப்போட துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ பாருங்க. 1861 மார்ச் 21ல சவானா ஊர்ல கூட்டத்துக்கு முன்னாடி நின்னு, கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு சமம் இல்ல, அடிமை நிலை தான் அவங்களுக்கு இயல்பு, எங்க புது அரசோட மூலைக்கல்லே இந்த உண்மை தான்னு பேசுனார். புது கூட்டமைப்போட சாசனத்துலயே அடிமை உடைமைய பாதிக்கற எந்த சட்டமும் அதோட காங்கிரஸ் போட முடியாதுன்னு எழுதியும் வச்சுட்டாங்க. போர் தோத்து, அடிமை முறையும் 1865ல ஒழிஞ்சப்புறம், அதே ஸ்டீபன்ஸ் 1868லயும் 1870லயும் ரெண்டு தடி வால்யூம் புக் எழுதி, சண்டை மத்திய அதிகாரத்துக்கும் மாநில உரிமைக்கும் தான், அடிமை முறை பிரச்சனையே இல்லன்னு சாதிச்சார். உங்க கட்டுரையாளர் எடுத்திருக்கறது அந்த ரெண்டாவது ஸ்டீபன்ஸ. அடுத்த வாரம் தொடர்ச்சி வருதுன்னு போட்டிருந்தீங்க, அதுல சவுத் கரோலினா அறிக்கையும் சவானா பேச்சும் தமிழ்ல ஆளுக்கு அரைப் பக்கம் போட்டீங்கன்னா நல்லா இருக்கும், ரெண்டுமே காப்பிரைட் எல்லாம் இல்லாதது தான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
கும்பகோணம்