அந்த சோபாவின் அடியில் இருக்கும் சீட்டைப் பார்

கொடைக்கானல்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொல்ல ஆரம்பித்தேன், மாப்பிள்ளை ஆபீசுக்குக் கிளம்பும் நேரமாகிவிட்டது, பாப்பாவும் அழுதாள். அதனால் எழுதுகிறேன். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

ஊர் மாறிப் போகிற குடும்பம் உங்களுக்கு விட்டுப்போன சோபாவின் படத்தைப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு அதன் நிறம் பிடித்துவிட்டது. என் கண் போனது வேறு இடத்துக்கு. உட்காரும் குஷனின் முன்பக்கத் தையல் விட்டுப்போய், உள்ளே ஃபோம் மஞ்சளாகத் தெரிகிறது. குஷன் கடையிலேயே காலம் போனவன் நான். புது ஃபோம் அப்படி இருக்காது, அது வயசான ஃபோம். பாப்பா தவழ ஆரம்பிப்பதற்குள் அந்த சோபா உங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும். காரணம், அந்த ஃபோமில் கலந்திருக்கக்கூடிய தீத்தடுப்பு ரசாயனம். விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் குஷனைத் திருப்பி, அடியில் தைத்திருக்கும் வெள்ளைச் சீட்டைப் பார். அதில் காலிஃபோர்னியா டெக்னிகல் புல்லட்டின் 117 என்று மட்டும் இருந்தால் அது பழைய விதிப்படி செய்தது. 117-2013 என்று இருந்தால் புதிய விதி. அதிலும் 2015-க்குப் பிறகு வந்த சோபாவாக இருந்தால், தீத்தடுப்பு ரசாயனம் சேர்த்திருக்கிறதா இல்லையா என்று சீட்டிலேயே போட்டிருக்க வேண்டும். இங்கே பழைய பங்களாக்களிலிருந்து பழுது பார்க்க வரும் வெளிநாட்டு சோபா ஒன்றிரண்டில் அந்தப் பழைய சீட்டை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர் ஃபோமில் அப்படி எதையும் பார்த்ததில்லை. அது என்ன முத்திரை என்று தேடப் போய்த்தான் இத்தனையும் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் இருந்ததை உன் தம்பி படித்துச் சொன்னான்.

நீ இப்போது இருக்கும் காலிஃபோர்னியா மாநிலம் 1975-ல் ஒரு விதி போட்டது. சோபாவுக்குள் வைக்கிற ஃபோமை, மேலுறை இல்லாமல், ஒரு சின்னத் தீச்சுடரில் 12 விநாடி காட்டினாலும் அது தாங்க வேண்டும் என்பது விதி. ஃபோம் பெட்ரோலியத்திலிருந்து வருகிற சரக்கு, சும்மா வைத்தால் தாங்காது. அதனால் கம்பெனிகள் அதற்குள் ரசாயனத்தைக் கலந்தார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை, சில சோபாக்களில் ஃபோமின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரைக்கும். ஒரு மாநிலத்துக்கென்று தனியாகச் செய்வானேன் என்று பல கம்பெனிகள் நாடு முழுக்க அதையே விற்றன. 2012-ல் டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க வீடுகளிலிருந்து 102 சோபாக்களின் ஃபோமை வாங்கிச் சோதித்தார்கள். நூற்றுக்கு 85-ல் இந்த ரசாயனங்கள் இருந்தன.

"தீப்பிடிக்காமல் இருக்கத்தானே மாமா போட்டிருக்கிறார்கள், நல்லதுதானே" என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குஷன் வேலை தெரிந்த யாரும் ஒன்றை யோசிப்பார்கள். சோபாவில் முதலில் தீப்பிடிப்பது மேலுறைத் துணிதான். துணி பற்றி எரிகிற நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபோமுக்கு முன்னால் நிற்பது 12 விநாடிச் சின்னச் சுடர் இல்லை, பெரும் தீ. அந்தத் தீயின் முன் இந்த ரசாயனம் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. அணையாத சிகரெட் விழுந்து புகைந்து பற்றிக்கொள்வதுதான் வீடுகளில் அதிகம் நடப்பது. 2013-ல் அந்த மாநிலமே பழைய சோதனையை விட்டுவிட்டு, புகைந்து பற்றுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மாறியது. நல்ல துணியும் நடுவில் ஒரு தடுப்புத் துணியும் இருந்தால் ரசாயனம் இல்லாமலே அதில் தேறிவிடலாம். 2020 முதல் சோபா ஃபோமிலும் குழந்தைச் சாமான்களிலும் இந்த ரசாயனங்களைச் சேர்ப்பதையே அங்கே தடுத்துவிட்டார்கள். தீ பயமாக இருந்தால் வீட்டில் புகை அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். உயிரைக் காப்பது அதுதான்.

இனி பாப்பாவின் விஷயம். இந்த ரசாயனம் ஃபோமோடு ஒட்டிப் பிணைந்து நிற்பதில்லை, உள்ளே கலந்து கிடக்கிறது, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி வீட்டுத் தூசியில் சேருகிறது. ஒருவர் தொப்பென்று உட்காரும்போது குஷனிலிருந்து வருகிற காற்றிலும் அது வரும். பழைய குஷனை உரிக்கும்போது ஃபோம் கம்பு மாவு போலக் கொட்டும். மூக்கில் துண்டைக் கட்டாமல் என் கடையில் யாரையும் நான் அந்த வேலைக்கு விடுவதில்லை. பெரியவர்களுக்குக் கையோடு கொஞ்சம் தூசி போகும். தவழ்கிற பிள்ளைக்கு முழங்காலும் உள்ளங்கையும் நாள் முழுக்கத் தரையில். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கை வாய்க்குப் போகும். அமெரிக்காவில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சோதித்தபோது, நடை பழகும் வயசுப் பிள்ளைகளின் இரத்தத்தில் தாயைவிட அதிகமாக இருந்தது இதனால்தான். நாளெல்லாம் உடம்பை நக்குகிற வீட்டுப் பூனைகளின் இரத்தத்தில் மனிதரைவிடப் பல மடங்கு இருந்திருக்கிறது.

2005-க்கு முந்தைய சோபாக்களில் அதிகம் இருந்தது புரோமின் சேர்ந்த ஒரு வகை. பிபிடிஈ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதன் உருவம் நம் கழுத்துச் சுரப்பி தருகிற தைராய்டு ஹார்மோன் போலவே இருக்கும். உடம்பு ஏமாந்துபோகும். பிள்ளையின் மூளை வளர்வதற்கு அந்த ஹார்மோன் சரியாக இருக்க வேண்டும். 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பில் இது பத்து மடங்கு கூடியிருந்தால் பிள்ளையின் ஐக்யூ சராசரியாக 3.7 புள்ளி குறைவாக இருக்கிறது என்று கண்டார்கள். காலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்விலும் கவனம், விரல் வேலை இரண்டிலும் குறை தெரிந்தது. இது பெருங்கூட்டத்தின் சராசரி, தாயி. நம் பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீ ராத்திரி விழித்துக் கிடக்க வேண்டாம். அந்த சோபா வந்து சில வாரம்தான் ஆகிறது, அவள் இன்னும் தரையில் இறங்கவே இல்லை. இப்போதே செய்தால் போதும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

2005-க்குப் பிறகு அந்த வகை போய் டிரிஸ் என்ற குளோரின் வகை வந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. 1970-களில் குழந்தைகளின் இரவு உடுப்பில் புரோமின் டிரிஸ் என்று ஒன்றைப் போட்டார்கள். அது மரபணுவைக் கெடுக்கும் என்று ஆர்லின் புளூம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1977-ல் எழுதினார்கள். அந்த வருஷமே அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக வந்த குளோரின் டிரிஸும் அப்படித்தான் என்று தெரிந்து, அதுவும் உடுப்பிலிருந்து போனது. போனதே சோபாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் காலிஃபோர்னியா அதைச் சேர்த்தது 2011-ல். குழந்தையின் சட்டைக்கு ஆகாதது குழந்தை விளையாடுகிற சோபாவுக்கு எப்படி ஆகும்? ஆர்லின் புளூம் 1978-ல் அன்னபூர்ணா சிகரத்துக்குப் பெண்கள் குழுவைத் தலைமை தாங்கிக் கூட்டிப்போனவர். மலைக்காரி நீ, அவரைப் பற்றித் தேடிப் படி.

வாசனை இல்லை, அரிப்பு இல்லை, கண்ணுக்கும் தெரியவில்லை, அப்புறம் என்ன என்று அங்கே யாராவது சொல்வார்கள். நம் ஊரில் பிறந்தவளுக்கு அதற்குப் பதில் தெரியும். 1983-லிருந்து தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கும் பாதரசம் வெள்ளி மணியாக உருளுகிற அழகான பொருளாகத்தான் தெரிந்தது. 2001-ல் மூஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடந்தது வெளியே தெரிந்து, ஆலை மூடியது. 2003-ல் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளிகளுக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. நம் தெருவிலேயே கை நடுங்குகிறவர்களை நீ பார்த்து வளர்ந்தாய். சாட்சி முழுசாகச் சேரட்டும் என்று காத்திருந்தால் யார் தலையில் விடியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உலகமும் மெதுவாகத்தான் அசைந்தது. விஷ ரசாயனங்களைத் தடுக்க நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-ல் பிபிடிஈ வகையில் சிலவற்றையும், 2017-ல் டிவி, கம்ப்யூட்டர் கூடுகளில் போடுகிற டெகா வகையையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாடும் 2018-ல் சிலவற்றைத் தடை செய்தது. தடை செய்தால் பலன் உண்டு. ஸ்வீடனில் 1972 முதல் 1997 வரை தாய்ப்பாலில் பிபிடிஈ ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகி வந்தது, அதன் பிறகு இறங்கியது. இதைச் சொன்னதும் நீ பயந்து பால் கொடுப்பதை நிறுத்திவிடாதே. தாய்ப்பால் தருகிற நன்மை இந்தக் கெடுதலைவிட மிகப் பெரியது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவள் கேட்கிற வரைக்கும் கொடு.

சோபாவை வெளியே கொண்டுபோகும்போது பாப்பாவை வேறு அறையில் வை. உறையைக் கழற்றாதே, ஃபோமைப் பிய்க்காதே. கிழிந்த இடத்தை அகலமான டேப்பால் ஒட்டி, அப்படியே தூக்கச் சொல். பிறகு தரையை ஈரத்துணியால் துடை. துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பி மறுபடி படியும். வாக்குவம் என்றால் நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பார். அவளுக்குச் சோறு ஊட்டும் முன் அவள் கையையும் உன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவு. வாயில் வைக்க உடைந்த ரிமோட், பழைய கறுப்பு பிளாஸ்டிக் சாமான் எதையும் கொடுக்காதே. பழைய கம்ப்யூட்டர் கூடுகளை உருக்கிச் செய்த பொம்மைகளில் இந்த ரசாயனம் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த சோபாவை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குத் தானமாகக் கொடுத்துவிடாதே. உன் மனசு அப்படித்தான் போகும், எனக்குத் தெரியும். அங்கேயும் ஒரு பிள்ளை தவழும். உங்கள் நகராட்சியில் பெரிய சாமான்களை எடுத்துப் போக ஏற்பாடு இருக்கிறதா என்று கேள். எரிக்க மட்டும் கூடாது. எரித்தால் சயனைடு வாயு வரும், புரோமின் டயாக்சின் வரும். இங்கே மார்கழிக் குளிரில் கழிவு ஃபோமைப் போட்டுக் குளிர்காய வருகிற பையன்களை நான் விரட்டுகிறேன், என்னை முசுடு என்கிறார்கள். அந்தப் புகை போகிற தூரமும் கொஞ்சம் இல்லை. வெப்பமான ஊரில் காற்றேறி, குளிர்ந்த இடத்தில் வந்து இறங்குகிற சரக்கு இது. சோபாவே பார்த்திராத ஆர்க்டிக் வெண்கரடியின் கொழுப்பில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

புது சோபாவுக்கு இப்போது பணம் இல்லை என்றால் வாங்க வேண்டாம். ஒரு மரப் பெஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நெருக்கமான காடாத் துணியில் உறை தைத்து நான் அனுப்புகிறேன். இலவம் பஞ்சு அடைத்தே அனுப்ப ஆசைதான், விதை தூசு என்று சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். பருத்தியோ கம்பளியோ அங்கே வாங்கி நீங்களே அடைத்துக்கொள்ளுங்கள். அது உட்காருவதற்கு மட்டும், பாப்பாவைத் தூங்க வைக்க மெத்தென்ற எதுவும் வேண்டாம்.

பெஞ்சின் நீளம், அகலம் இரண்டையும் அங்குலத்தில் அளந்து அனுப்பு. குஷன் எவ்வளவு கனம் வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். நான்கு அங்குலம் போதும் என்பது என் எண்ணம். ஓரத்தில் ஜிப் வைக்கட்டுமா, நாடா வைக்கட்டுமா என்றும் எழுது. ஜிப் வைத்தால் கழற்றித் துவைப்பது உனக்குச் சுலபம்.

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா