கட்டைவிரலுக்கு ஒரு வேலை: பிஸ்டல் சேஃப்டி பற்றிக் காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், ஆயுதக் கொள்முதலுக்கு விவரக்குறிப்பு எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மாவட்ட ஆயுதப்படையில் 26 வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய நண்பர்களும் இளம் எஸ்.ஐ.க்களும் சந்திக்கும்போதெல்லாம் ஒரு வாதம் கிளம்புகிறது. இனிமேல் வாங்கும் பிஸ்டல்களில் கையால் போடும் சேஃப்டி லிவர், அதாவது தவறுதலாகச் சுட்டுவிடாமல் பூட்டும் சின்ன நெம்புகோல், வேண்டுமா, வேண்டாமா? “க்ளாக் பிஸ்டலில் லிவரே கிடையாதே, பாதி உலகம் அதைத்தானே இடுப்பில் வைத்திருக்கிறது” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நம் ஆட்களுக்கு லிவர் வேண்டும் என்பதே என் கருத்து. அது எப்படிப்பட்ட லிவராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணி பதினொன்று இருக்கும். பி.எஸ்.ஓ. டூட்டி (முக்கியப் புள்ளிகளுக்கு மெய்க்காவல்) முடித்த தம்பி ஒருவர் பிஸ்டலை ஒப்படைக்க வந்தார். காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். நம்மிடம் இருந்தது இஷாபூர் தயாரிப்பு 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டல். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. சேஃப்டி மேலே, பூட்டிய நிலையில் இருந்தது. கட்டைவிரலால் கீழே தள்ளிவிட்டு மறுபடி இழுத்தார். ஒரு ரவுண்டு (தோட்டா) வெளியே தெறித்தது. அதற்குப் பிறகுதான் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றினார். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமர் பின்னால் நின்றது. அதை விடுவிக்க ட்ரிக்கரை அழுத்த வேண்டும். அந்தப் பிஸ்டலில் மேகசின் உள்ளே இல்லாமல் ட்ரிக்கர் வேலை செய்யாது. காலி மேகசின் ஒன்றைச் சொருகி அழுத்தினார்.

வெடித்தது. குண்டு மணல் தொட்டியில் போகவில்லை. சிமெண்டுத் தரையில் பட்டுத் தெறித்து, பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த ஹெட் கான்ஸ்டபிளின் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது. நல்லவேளை, எலும்பில் படவில்லை. காதடைத்துப் போய் நாங்கள் துணியைத் தேடி ஓடினோம். அந்தத் தம்பி பிஸ்டலை மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரோரமாகக் குந்தி அழுதார்.

விசாரணையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அது உண்மைதான். மேகசினை எடுக்கும் முன் ஸ்லைடை இழுத்ததால் அடுத்த ரவுண்டு சேம்பருக்குள், அதாவது சுடுவதற்குத் தோட்டா நிற்கும் அறைக்குள், ஏறியிருந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு நான் பல நாள் யோசித்த விஷயம் வேறு. அந்தப் பிஸ்டலில் சேஃப்டி இருந்தது, நன்றாக வேலையும் செய்தது. பகல் முழுக்க நெரிசலில் அவரைக் காப்பாற்றியும் இருக்கலாம். ஆனால் ராத்திரி துப்பாக்கியைக் காலி செய்யும் நேரத்தில் அதை எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லைடு நகராது. ஆபத்து அதிகமான அந்த அரை நிமிடத்தில் லிவர் விடுமுறையில் இருந்தது.

இது ஒரு பிஸ்டலின் கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. நம் 9 எம்.எம். ஆட்டோ 1ஏ என்பது 1935-ல் வந்த பிரவுனிங் ஹை பவரின் வழிவந்தது. அதில் லிவர் மேலே போனதும் ஸ்லைடின் வெட்டில் மாட்டிக்கொண்டு அதைப் பூட்டிவிடும். ஹேமர் பின்னால் இழுபட்டு (காக் ஆகி) இருந்தால்தான் லிவரையே மேலே தள்ள முடியும். சேம்பரில் ரவுண்டை வைத்து ஹேமரை இறக்கிவிட்டால் சேஃப்டி போட முடியாது. அப்படி ரவுண்டு மேல் ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல இறக்குவதே வழுக்குப் பாறையில் நடப்பது மாதிரி. போதாததற்குப் பழைய மாடல்களில் லிவர் ஒரு பக்கம் மட்டும், அதுவும் விரல் நகத்தளவுதான். வியர்த்த கையில் அது அகப்படாது.

இந்தச் சிரமங்களை எல்லாம் பார்த்தவர்கள்தான் “லிவரே வேண்டாம்” என்கிறார்கள். க்ளாக் 1982-ல் ஆஸ்திரிய ராணுவத்துக்குப் போனபோது அதுதான் அதன் பெருமை. மூன்று பாதுகாப்புகளும் தாமாக வேலை செய்யும். ட்ரிக்கரை அழுத்தாதவரை சுடாது, அழுத்தினால் சுடும். புரிந்துகொள்ள எளிது, கற்றுக்கொடுக்கவும் எளிது. நன்றாகப் பயிற்சி எடுத்த கமாண்டோ கையில் அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் எல்லாரும் கமாண்டோ இல்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் காவல்துறை 1980-களின் கடைசியில் க்ளாக்குக்கு மாறியது. அடுத்த பத்து வருடத்தில் அந்த ஒரு துறையில் மட்டும் 120-க்கும் மேற்பட்ட தடவை துப்பாக்கி தவறுதலாக வெடித்ததாக 1998-ல் அந்த ஊர் நாளிதழ் கணக்கெடுத்து எழுதியது. பயிற்சி போதவில்லை என்பதும் அந்தச் செய்தியின் சாரங்களில் ஒன்று. இன்னொன்றும் உண்டு. க்ளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமானால் ட்ரிக்கரை ஒரு தடவை அழுத்தியாக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டோம், காலிதான் என்று நினைத்து அழுத்துபவனுக்கு சேம்பரில் ஒன்று மிச்சம் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லிவர் இல்லாமலே விபத்தைக் குறைக்க வேறொரு வழியும் பார்த்தார்கள். நியூயார்க் காவல்துறை ட்ரிக்கரையே கடினமாக்கியது. அழுத்த 12 பவுண்டு விசை வேண்டும், அதாவது ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தெரியாமல் விரல் பட்டால் சுடாது, சரி. தெரிந்தே சுடும்போது கை ஆடுமே! 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் இரண்டு காவலர்கள் 16 ரவுண்டு சுட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்களும் வழிப்போக்கர்களுமாக 9 பேர் காவலர்களின் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயப்பட்டார்கள். ட்ரிக்கர் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மயிலாப்பூர் தேரோட்டத்திலோ தேர்தல் கூட்டத்திலோ நிற்கிற நம் ஆள் கையில் குறி தவறவைக்கும் துப்பாக்கியைக் கொடுப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

நாம் வழக்கமாகச் செய்வது மூன்றாவது வழி. சேம்பரைக் காலியாக வைத்துக்கொண்டு திரிவது. தேவைப்பட்டால் ஸ்லைடை இழுத்துக்கொள்ளலாம் என்று பெயர். அதற்கு இரண்டு கை வேண்டும். பி.எஸ்.ஓ.வின் இடது கை எப்போதும் யாரையாவது தள்ளிக்கொண்டோ காரின் கதவைப் பிடித்துக்கொண்டோதான் இருக்கும். லிவர் என்றால் துப்பாக்கி பிடித்த கையின் கட்டைவிரலே போதும். அப்புறம், இடுப்புத் துப்பாக்கிமேல் பத்துப் பேர் உரசிக்கொண்டு போகிற கூட்டம் நம்முடையது. யாராவது அதைப் பிடுங்கினால், லிவர் எங்கே இருக்கிறது என்று அவன் தேடும் ஒன்றிரண்டு நொடியில் நம் ஆள் அவன் கையைப் பிடித்துவிடலாம்.

“பதற்றத்தில் லிவரைத் தள்ள மறந்துவிடுவான்” என்பது எதிர்த்தரப்பின் பலமான வாதம். மறப்பான். நானே சுடும் பயிற்சி ரேஞ்சில் பார்த்திருக்கிறேன். இலக்கைப் பார்த்து ட்ரிக்கரை நெரி நெரியென்று நெரித்துவிட்டு, “துப்பாக்கி வேலை செய்யவில்லை” என்று திரும்பிப் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் ஒரு கைப்பிடி ரவுண்டு சுடுகிறவர்களுக்கு வேறு எப்படி வரும்? லிவர் எங்கே இருக்கிறது என்பது மூளைக்குத் தெரிந்தால் போதாது, விரலுக்குத் தெரிய வேண்டும். இடுப்பு உறையான ஹோல்ஸ்டரிலிருந்து எடுப்பது, கட்டைவிரல் கீழே, குறி. திரும்ப வைக்கும்போது கட்டைவிரல் மேலே, ஹோல்ஸ்டர். காலித் துப்பாக்கியோடு காலை ரோல்காலுக்கு முன் பத்து நிமிடம் செய்தால் போதும். ஒரு ரவுண்டுகூடச் செலவாகாது.

அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் எம்17 என்ற பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. அது எஸ்.ஐ.ஜி. நிறுவனத்தின் பி320 வகை. கடையில் அது பெரும்பாலும் லிவர் இல்லாமல்தான் விற்றது. ராணுவம் லிவர் வேண்டும் என்று கேட்டு வாங்கியது, அதுவும் இரண்டு பக்கமும். நான் கவனித்தது இன்னொரு அம்சம். அதில் சேஃப்டி போட்டிருக்கும்போதே ஸ்லைடை இழுக்கலாம். சேம்பரைக் காலி செய்து, பார்த்து, தொட்டு உறுதி செய்கிறவரை ட்ரிக்கர் பூட்டியே இருக்கும். கழற்றுவதற்கும் ட்ரிக்கரை அழுத்த வேண்டாம். அந்த ராத்திரி நம் தம்பி கையில் இருந்திருக்க வேண்டியது இந்த அமைப்புதான்.

அதே பி320 கீழே விழும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டால் வெடிக்கிறது என்று 2017-லேயே தெரியவந்தது. லிவர் அதைத் தீர்க்கவில்லை. ட்ரிக்கர், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) போன்ற பாகங்களை எடை குறைத்து மாற்றித்தான் சரிசெய்தார்கள். பிறகும் ஹோல்ஸ்டரிலேயே வெடித்ததாக வழக்குகள் வந்தன. லிவர் இல்லாதது வடிவமைப்புக் குறை என்ற வாதத்தின்மேல் 2024 நவம்பரில் பிலடெல்பியா ஜூரி ஒருவருக்கு 1.1 கோடி டாலர் தரச் சொன்னது. ட்ரிக்கரை அழுத்தாமல் அது வெடிக்காது என்பது நிறுவனத்தின் வாதம். எது எப்படியோ, விழும் சோதனையைத் தனியாக, பல கோணங்களில், நம் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே விவரக்குறிப்பில் ‘மேனுவல் சேஃப்டி இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள் ஐயா. சேஃப்டி போட்ட நிலையில் ஸ்லைடு நகர வேண்டும் என்று எழுதுங்கள். ட்ரிக்கரை அழுத்தாமலே கழற்ற முடிய வேண்டும், லிவர் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். சோதனைக்குக் கமாண்டோ பள்ளியின் சிறந்த சுடுநரை மட்டும் அனுப்பாமல், ஸ்டேஷன் டூட்டி பார்க்கும் பெண் காவலர்களையும், ஐம்பது வயது எஸ்.ஐ.யையும், இடதுகைப் பழக்கம் உள்ளவர்களையும் அழைத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வேலை கற்ற ஒரு பெண் காவலர் இடதுகைக்காரர். பழைய 9 எம்.எம்.மில் சேஃப்டியை எடுக்க அவர் பிடியையே மாற்றி, வலது கையைக் குறுக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. “எனக்கு மட்டும் ஏன் சார் இரண்டு வேலை?” என்று அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுதப்படை ஆர்மரர் ஒருவர்