எங்கள் பள்ளிக்கு நீங்கள் விற்ற ஸ்மார்ட் போர்டு பற்றிய புகார்

அனுப்புநர்
தலைமை ஆசிரியை,
அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தங்கள் சென்னை அலுவலகம்.

நாள்: 08.09.2025

பொருள்: 2024 ஜூலையில் வாங்கிய 65 அங்குல ஸ்மார்ட் போர்டு, பாட உள்ளடக்கம் – தமிழ் எழுத்துச் சிதைவு, தொடுதிரைக் கோளாறு, ஓராண்டில் பூட்டப்பட்டது – சரிசெய்து தரவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மா, வணக்கம்.

இது நான் உங்களுக்கு அனுப்பும் நான்காவது புகார். முதல் மூன்றையும் உங்கள் செயலியில் பதிந்தேன். மூன்றுக்கும் நம்பர் வந்தது, ஆள் வரவில்லை. அதனால் இந்த முறை பதிவுத் தபாலில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முழுக்கப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 1,92,000 ரூபாய். போர்டுக்கு 1,40,000, பாட உள்ளடக்கத்துக்கு 38,000, யு.பி.எஸ்ஸுக்கு 14,000. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பாதி, லுங்கி நெய்கிற தறி வீடுகள். மற்றவர்கள் தீப்பெட்டி வேலை, பீடி சுற்றுவது, கூலி வேலை என்று பிழைப்பவர்கள். எங்களிடம் படித்து, இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேனில் போய்வரும் பதினோரு பெண்கள், எட்டு மாதம் சம்பளத்தன்று ஆளுக்கு 500 ரூபாய் எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். தீப்பெட்டி வேலைக்குப் போகும் ஒரு அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்து 50 ரூபாய் கொடுத்துவிட்டு, "ரசீதெல்லாம் வேணாம் டீச்சர்" என்றார். நான் ரசீது போட்டேன். அந்த ரசீதுப் புத்தகம் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. உங்கள் போர்டில் பூட்டுப் படம் வருகிற ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது.

வகுப்பறைக்குள் கருவி வருவதை நான் எதிர்ப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தேழு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். புதுப் பாடநூல்கள் 2018 முதல் கியூ.ஆர். கோடோடு வந்தபோது, சொந்த போனை வகுப்பில் சுற்றுக்கு விட்டுப் படம் காட்டியிருக்கிறேன். கல்வித் தொலைக்காட்சியையும் அரசின் பாடச் செயலியான மணற்கேணியையும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் காட்டினேன். ஒரு போனை முப்பத்தாறு பேர் எட்டிப் பார்க்க முடியாது என்பதால்தான் பெரிய திரைக்கு ஆசைப்பட்டோம்.

அந்த ஆசை வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போன வருஷம் ஏழாம் வகுப்பில் மின்னோட்டப் பாடம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் பெட் என்ற தளத்தில் மின்சுற்றுப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து வந்து, கம்பியை விரலால் இழுத்து மின்கலத்தோடு சேர்த்தான். பல்ப் எரிந்தது. எடுத்தான், அணைந்தது. திரும்பச் சேர்த்தான். நாலைந்து முறை செய்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "சுத்தி வந்தாத்தான் எரியும் போல டீச்சர்" என்றான். மூடிய சுற்று என்ற பாடம் அவ்வளவுதான். உடனே டார்ச் செல்லையும் சின்ன பல்பையும் கையில் கொடுத்து நிஜமாகவே செய்ய வைத்தேன். திரையில் பார்த்ததைக் கை செய்தது. ஒரு கருவியிடம் ஆசிரியருக்கு வேண்டியது இதுதான். இதை உங்கள் போர்டு செய்தது. செய்ய முடிந்த போர்டைத்தான் நீங்கள் முடக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

இனி குறைகள்.

என்னை மிகவும் பாதித்தது மூன்றாம் வகுப்பில் நடந்தது. போன நவம்பரில் தமிழ் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பாப்பா நோட்டில் "கொக்கு" இருக்க வேண்டிய இடத்தில் "க" தனியாக இருந்தது. பக்கத்தில் பென்சிலால் புள்ளிபுள்ளியாக வைத்து ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒற்றைக்கொம்பு, அந்தப் பக்கம் துணைக்கால். அதற்கப்புறம் "க்கு". ஒவ்வொரு புள்ளியையும் ஒரே இடைவெளி விட்டு, அழகாக வைத்திருந்தது. "என்னம்மா இது?" என்று கேட்டேன். "போர்டுல அப்படித்தான் இருந்துச்சு டீச்சர்." போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. உங்கள் செயலியில் ஒகர, ஓகார எழுத்துகள் வருகிற இடமெல்லாம் அந்தப் புள்ளி வட்டம்தான். மற்ற நோட்டுகளையும் புரட்டினேன். அந்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் அந்த வட்டத்தையும் ஓர் எழுத்து என்று நினைத்து எழுதியிருந்தார்கள்.

ஒகரக் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டியது. அதைச் சேர்த்துக் காட்டும் வேலையை உங்கள் மென்பொருள் சரியாகச் செய்யாததால் குறி எழுத்தை விட்டுத் தனியாக நிற்கிறது, அதற்குத்தான் அந்த வட்டம் என்று ஒரு முன்னாள் மாணவன் விளக்கினான். எல்லாக் கருவியிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிவதற்கான யூனிகோடு என்ற குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. விலை குறைந்த போனில்கூட இன்று "கொக்கு" ஒழுங்காகத் தெரிகிறது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எங்கள் வகுப்பறையில் பார்ப்பதுதான் அவர்களுக்கு எழுத்து. அந்த ஒன்பது பேருக்கும் நானும் அந்த வகுப்பு ஆசிரியையும் மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தோம். இதைப் படம் எடுத்து, முதல் புகாரோடு இணைத்தேன். "புதுப்பிப்பில் சரியாகும்" என்ற ஒரு வரி வந்தது. பத்து மாதம் ஆகிறது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. "சமச்சீர் பாடத்திட்டம் முழுக்க தமிழில் இருக்கு மேடம்" என்று உங்கள் பிரதிநிதி சொன்னார். திறந்து பார்த்தால் வேறு பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பாடத்தை மெஷினில் போட்டு எடுத்த தமிழ். எட்டாம் வகுப்புக் கணக்கில் வர்க்கமூலத்துக்குச் "சதுர வேர்" என்று இருக்கிறது. செங்கோணத்துக்கு "வலது கோணம்". பிதாகரஸ் தேற்றம் நடத்தும்போது ஒரு மாணவி, "அப்போ இடது கோணம் எது டீச்சர்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரியான கேள்வி. தப்பு அவள் மேல் இல்லை. உங்கள் அலுவலகத்தில் தமிழ் வழியில் கணக்கு படித்த ஒருவர், ஒரே ஒருவர், இதை வெளியிடும் முன்பு படித்திருந்தால் போதும்.

தொடுதிரை விஷயம் சுருக்கமாகவே சொல்கிறேன். மதியம் இரண்டரை மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வெயில் போர்டின் ஓரத்தில் விழுந்தால், யாரும் தொடாமலே கோடு விழுகிறது, பக்கம் தானாகப் புரளுகிறது. திரையின் நான்கு ஓரமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது, விரல் மறைக்கும் இடத்தைத்தான் அது தொட்ட இடம் என்று எடுத்துக்கொள்கிறது, வெயிலோ சாக்பீஸ் தூசியோ அந்த ஓரத்தில் பட்டால் குழம்பும் என்று குடியாத்தத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி சொன்னார். பிள்ளைகள் தினமும் லுங்கித் துணியால் ஓரத்தைத் துடைக்கிறார்கள். காலையில் ஓரளவு சரியாக இருக்கிறது. "ஜன்னல் பக்கம் மாட்டியதால் வாரண்டி கிடையாது" என்று உங்கள் பதில் சொல்கிறது. அந்தச் சுவரைக் காட்டி, அங்கேயே துளை போட்டு மாட்டியது உங்கள் ஆள். கரும்பலகை இருக்கும் சுவர் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, ஒயர் நீளம் போதாது என்றார். வெயிலுக்குப் பேர்போன வேலூருக்கு விற்கும்போது வெயிலைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டாமா?

சர்வீஸ் ஆள் வராததற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தேன். உங்கள் கணினியில் குடியாத்தம், திருப்பத்தூர் சேவைப் பகுதியில் இருக்கிறது. அங்கே கேட்டால் வேலூர் ஆள்தான் வர வேண்டும் என்கிறார்கள். வேலூரில் கேட்டால் பட்டியலில் இல்லை என்கிறார்கள். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தம் வேலூரில்தான் இருக்கிறது. தயவுசெய்து இந்த ஒன்றையாவது இன்றைக்கே திருத்துங்கள். எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை, இந்த வட்டத்தில் உங்கள் போர்டு வாங்கிய மற்ற பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இப்போது பூட்டு. 2025 ஜூலை 14, திங்கட்கிழமை, இரண்டாவது பீரியட். ஆறாம் வகுப்பு. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, பூட்டுப் படம் வந்து, "உங்கள் திட்டம் காலாவதியாகிவிட்டது" என்று காட்டியது. போன் செய்தால், உள்ளடக்கம் ஒரு வருஷத்துக்குத்தான், புதுப்பிக்க 38,000 ரூபாய் என்றார்கள். உங்கள் பிரதிநிதி கொடுத்த விலைப்பட்டியலில் "உள்ளடக்கம் 5 ஆண்டு" என்று அவர் கையாலேயே எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நகலை இணைத்திருக்கிறேன். "வாய்ச்சொல்லுக்கு நிறுவனம் பொறுப்பில்லை" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இது வாய்ச்சொல் இல்லை, காகிதத்தில் இருக்கிற சொல்.

சரி, உங்கள் பாடமே வேண்டாம், போர்டையாவது பயன்படுத்திக்கொள்கிறோம் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. ஆன் செய்தவுடன் உங்கள் செயலிதான் முன்னால் வந்து நிற்கிறது, வெளியே போகக் கடவுச்சொல் கேட்கிறது. எங்களுக்கு அதைத் தரவே இல்லை. என் மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியில் சொருகினேன். படம் வருகிறது, தொடுதல் வேலை செய்யவில்லை. அதற்கு வேண்டிய யு.எஸ்.பி. இணைப்பையும் உங்கள் மென்பொருள் அடைத்து வைத்திருக்கிறது. ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளைப் போட்டு முக்கோணம் வரைய முடியவில்லை. அந்த மின்சுற்றுப் பயிற்சியை இணையம் இல்லாமலே ஓட்டும்படி இறக்கி வைத்திருக்கிறேன். அதையும் அந்தப் பையனைப் போல் இன்னொருவன் விரலால் இழுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருள், எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறது, சாவி உங்களிடம் இருக்கிறது.

பூட்டுவதற்கு முன்பும் தினமும் காலையில் இணையத்தில் உள்நுழைந்தால்தான் போர்டு வேலை செய்தது. எங்கள் ஊரில் சிக்னல் ஒரு கோடுதான். என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, ஜன்னல் கம்பியில் போனைத் தொங்கவிட்டு, சில நாள் பத்து நிமிஷம் காத்திருப்போம். ஒரு பீரியட் நாற்பது நிமிஷம். அதில் பத்து போனால் என்ன மிஞ்சும்? மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் யு.பி.எஸ். போர்டை ஓட்டும், ஆனால் டவரும் படுத்துவிடுவதால் உள்நுழைய முடியாது. பாடங்களைப் போர்டிலேயே ஏற்றி வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

இன்னொன்று. ஆசிரியர்கள் நான்கு பேர் ஒரு வருஷமாகத் தயாரித்த வினாடி வினா, படங்கள், பயிற்சித் தாள்கள் எல்லாம் அந்தப் பூட்டுக்குள் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து செய்தவை. அவை எங்களுடையவை. அதே போல, பிள்ளைகளின் பெயர், புகைப்படம், பெற்றோர் போன் எண் எல்லாவற்றையும் தொடக்கத்தில் உங்கள் செயலி கேட்டு வாங்கியது. கேட்டபோது யோசிக்காமல் கொடுத்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எந்தப் பெற்றோரிடமும் நீங்கள் ஒப்புதல் வாங்கவில்லை.

எனவே நாங்கள் கேட்பது: உடனே கடவுச்சொல்லைத் தந்து போர்டைத் திறந்துவிடுங்கள், இதற்கு ஆள்கூட வர வேண்டாம், போனில் சொன்னால் போதும். ஆசிரியர்களின் கோப்புகளை அப்படியே எடுத்துக் கொடுங்கள். பிள்ளைகளின் விவரங்களை அழித்துவிட்டு அழித்ததாக எழுத்தில் தெரிவியுங்கள். ஆளை அனுப்பி, உங்கள் செலவில், போர்டை வெயில் படாத சுவருக்கு மாற்றிக் கொடுங்கள். உள்ளடக்கத்துக்கு வாங்கிய 38,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். எழுத்துப் பிழையோடும் மொழிப்பிழையோடும் உள்ள அந்தப் பாடங்களை ஐந்து வருஷம் இலவசமாகத் தந்தாலும் இனி என் வகுப்பில் போட மாட்டேன். அந்தப் பணத்தில் இன்னொரு வகுப்புக்கு ஒரு சாதாரண டி.வி.யும் பழைய கணினியும் வாங்கிக்கொள்வோம்.

பதினைந்து நாள் அவகாசம் தருகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பதாகப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. கூட்டத்துக்கு அந்த ஷூ கம்பெனிப் பெண்களில் மூன்று பேர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மூன்று பேரும் தீர்மானத்தின் கீழ் கையெழுத்துப் போட்டார்கள்.

மனுவரை போக வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். ஆறாம் வகுப்பில் இப்போது கோணமானி பாடம் நடத்த வேண்டும். கரும்பலகையில்தான் நடத்தப்போகிறேன், அதில் குறை ஒன்றும் வராது. ஆனால் பிள்ளைகள் தினமும் காலையில் வந்ததும் போர்டின் ஓரத்தை இன்னும் துடைத்து வைக்கிறார்கள். "இன்னிக்கு ஓடுமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று உங்கள் பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், பணம் கட்டிய ரசீது, மூன்று புகார்களின் நகல்கள், மூன்றாம் வகுப்பு நோட்டின் புகைப்படம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல்.