எங்கள் ரிப்போர்ட்டில் இல்லாத கட்டம்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துல நிலக்கரி கெட்டதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. பாட்டி என்ன வேலை பார்த்தாங்கன்னு பாப்பா கேட்கிறா, என்னம்மா சொல்ல?" என்றாய். சிரித்து மழுப்பிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என் வேலை என்னவென்று உனக்கே முழுதாகத் தெரியாது. அனல் மின் நிலையத்தில் வேதியியல் ஆய்வகம், அவ்வளவுதான் தெரியும். இருபத்தாறு வருடம் நான் நிலக்கரியைச் சோதித்தேன். வேகன் வேகனாக வந்து இறங்குவதில் அங்கங்கே அள்ளி, உடைத்து, கலந்து, பங்கு பிரித்து, மாவாக அரைத்து, கடைசியில் என் மேஜைக்கு வருவது ஒரு சின்ன டப்பா. அதில் ஒரு கிராமை 105 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே காய வைத்தால் குறைகிற எடை ஈரம். இன்னொரு கிராமை உலையில் முழுக்க எரித்தால் மிஞ்சுவது சாம்பல். மூடி போட்ட குருசிபிளில், அதாவது சூடு தாங்கும் சின்னக் கிண்ணத்தில், 900 டிகிரியில் 7 நிமிடம் வைத்தால் பறந்துபோவதில் ஈரத்தைக் கழித்தால் வருவது இன்னொரு கணக்கு. இந்த மூன்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்து, மீதியைக் கார்பன் என்று எழுதுவோம். அதை நேரே அளந்ததே இல்லை.

அப்புறம் பாம் கலோரிமீட்டர், கரி எரிந்தால் எவ்வளவு சூடு தரும் என்று அளக்கிற கருவி. பெயரைக் கேட்டு நீ சின்ன வயதில் பயந்திருக்கிறாய். எஃகுக் கலத்துக்குள் ஒரு கிராம் கரி வைத்து, ஆக்சிஜனை 30 மடங்கு காற்றழுத்தத்துக்கு ஏற்றி, மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டுக் கொளுத்துவோம். சுற்றியிருக்கும் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி சூடாகும். அந்த இரண்டு டிகிரியில்தான் கரியின் விலையே இருந்தது.

ரிப்போர்ட் தாளில் ஈரத்துக்கு ஒரு கட்டம், சாம்பலுக்கு ஒரு கட்டம், கந்தகத்துக்கு ஒரு கட்டம். எங்களுக்கு இடைஞ்சலாக இருந்த எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. சிம்னி வழியாக மேலே போவதற்கு மட்டும் இல்லை. கார்பன் 12 பங்கு எரிந்தால் காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காக வெளியேறும். கரியில் நூற்றுக்கு அறுபது கார்பன் என்று வைத்துக்கொள், ஒரு டன் எரித்தால் 2.2 டன் கார்பன் டை ஆக்சைடு. உள்ளே போட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! இது பள்ளிக்கூடக் கணக்கு, எனக்குத் தெரியாததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை.

நிலையத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கூலிங் டவரைத்தான் படம் எடுப்பார்கள், வெள்ளையாகப் பொங்கி வருகிறதே என்று. அது வெறும் நீராவி. பக்கத்தில் சிம்னி சும்மா நிற்பது போல இருக்கும். பத்திரிகைகளும் இன்றுவரை இந்தத் தப்பைச் செய்கின்றன, பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்ணுக்குத் தெரிந்தால் கட்டம் சீக்கிரம் வந்துவிடும். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் கரிப்புகை மூடியது, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1956-இல் சட்டம் வந்துவிட்டது. நான்கே வருடம். கண்ணை எரிக்காத கார்பன் டை ஆக்சைடின் கதையைப் பார். 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, தெர்மாமீட்டர் செருகி, வெயிலில் வைத்துப் பார்த்தார். இந்த வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது, ஆறவும் நேரமானது. காற்றில் இது கூடினால் பூமி சூடாகும் என்று அப்போதே எழுதிவிட்டார். அறிவியல் கூட்டத்தில் அந்தக் கட்டுரையை வாசித்தது அவர் அல்ல, ஓர் ஆண். (ஆய்வகத்தில் என் பெயர் இல்லாமல் போன ரிப்போர்ட்டுகள் எனக்கு ஞாபகம் வந்தன, அது வேறு கதை.) அமெரிக்காவில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டியது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1859-இல்தான். நாடுகள் இந்த வாயுவுக்கு இலக்கு வைத்து ஜப்பானின் கியோட்டோவில் எழுதிக்கொண்டது 1997-இல். ஃபுட் சொல்லி 141 வருடம்!

நடுவில் அந்தக் கட்டத்தைப் பொறுமையாக நிரப்பியவர் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் இந்த வாயுவை அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே என்று உன் மாமா மாதிரி ஆட்கள் கேட்பார்கள். ஒரு பங்கு எரிமலையிலிருந்தும் வரும்தான். ஆனால் உயிருள்ள எதிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும், செத்த பிறகு 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். நிலக்கரியில் பெரும்பகுதி சுமார் 30 கோடி வருடத்துக்கு முந்தைய சதுப்புக்காடு, அதில் ஒரு சொட்டு கூட மிச்சம் இல்லை. இப்படிப்பட்ட கரி எரிந்து கலப்பதால் காற்றில் கார்பன்-14 நீர்த்துப் போவதை 1950-களிலேயே ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மர வளையங்களில் கண்டுவிட்டார். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 கிடையாது, ஆனால் மனிதர்கள் எரிப்பதில் நூற்றில் ஒரு பங்கு கூட எரிமலைகள் விடுவதில்லை.

இதற்காக நான் வெட்கப்பட வேண்டுமா என்றுதான் அன்றிரவு முழுக்க யோசித்தேன். நீ பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. உன்னை நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். அந்த மின்சாரம் எங்கள் பாய்லரிலிருந்து வந்திருக்கலாம். உனக்கு ஊசி போட்ட சிரிஞ்சின் பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்து வந்தது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா உரம் செய்யாவிட்டால், உலகத்தில் பாதிப் பேருக்குச் சாப்பாடு விளையாது. ஆக, வெட்கம் என்று சொல்ல வரவில்லை. கட்டம் இல்லையே என்று ஒருநாள் கூடக் கேட்கவில்லை பார், அதுதான் உறுத்துகிறது.

நீ வீட்டில் எரிவாயுவுக்கு மாறிவிட்டதைப் பெருமையாகச் சொன்னாய். சரி, எரியும்போது கரியைவிடக் குறைவுதான். குழாயில் எரியாமல் கசிகிற மீத்தேன் மட்டும் இருபது வருடக் கணக்கில் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் எண்பது மடங்கு சூடேற்றும். கசிவை யார் எழுதி வைக்கிறார்கள் என்று விசாரி.

பாப்பாவிடம், பாட்டி நிலக்கரியை எடை போட்டாள் என்று சொல். சாம்பல் எங்கே போச்சு என்று கேட்டால் நீயே பதில் சொல்லிவிடலாம். மீதி எங்கே போச்சு என்று கேட்டால் எனக்குப் போன் போட்டு அவளிடம் கொடு.

அம்மா