இறக்கையைப் பிடுங்கியவர்களுக்கும் திரும்ப ஒட்டியவர்களுக்கும்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். நான் எடுக்க நினைத்திருக்கும் விண்வெளித் தொடருக்காக வரைந்த மூன்று கலங்களின் படங்களை, மதுரையில் ஒரு சின்ன அரங்கின் சுவரில் இரண்டு நாள் ஒட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும். 'சூப்பர்', 'வாழ்த்துகள்' என்று நாலு வரி தேறும் என்றுதான் நினைத்தேன். நீங்களோ நோட்டு நிறைய எழுதிவிட்டீர்கள். அதில் பாதி திட்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

இரண்டாவது கலத்துக்குக் 'குக்கர்' என்று பெயர் சூட்டி, 'எத்தனை விசில்?' என்று ஒரே நாளில் ஏழு பேர் எழுதியிருந்தீர்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றாவதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அதுவும் பதில்தான், புரிந்துகொண்டேன்.

மிச்சம் 'வலம்புரி'. அதன் இரண்டு பக்கமும் பெரிய இறக்கைகள் வரைந்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி கேட்டாள்: 'காத்தே இல்லாத இடத்துல ரெக்கை எதுக்கு அங்கிள்?' பதில் இல்லை. அன்று ராத்திரியே அழித்துவிட்டேன்.

மறுநாள், சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருக்கும் தூத்துக்குடி அண்ணன் ஒருவர் வந்து, இறக்கை இல்லாத படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். 'எங்க எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணி வாங்கிக்கும் தம்பி. உங்களுக்குக் கடல் எங்க?' என்றார். விண்வெளிதான் குளிராச்சே அண்ணே என்று உளறினேன். மேசையில் இருந்த காபி ஃபிளாஸ்க்கைத் தட்டிக் காட்டினார். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருப்பதும் வெற்றிடம்தான், அதனால்தான் காபி ஆறுவதில்லை. ஆக, என் கலமே ஒரு பெரிய ஃபிளாஸ்க். உள்ளே இருப்பவர்கள் வெந்து போவார்கள்.

சூட்டைக் கதிர்வீச்சாகத்தான் வெளியே தள்ள முடியும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அம்மோனியா ஓடும் குழாய்கள் சூட்டைச் சுமந்துபோய் வெளியே நீண்டிருக்கும் வெள்ளைப் பலகைகளில் விடுகின்றன. வலம்புரிக்கும் அப்படிப் பலகைகள் போட்டேன். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், அதே இறக்கை! 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் டிஸ்கவரி கலத்துக்கும் முதலில் இந்தப் பலகைகளை யோசித்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கப் போவதில்லை. அந்தப் பாப்பாவுக்குப் பதில் சொல்ல முதல் பாகத்திலேயே ஒரு காட்சி எழுதிவிட்டேன்.

பாளையங்கோட்டை இயற்பியல் ஆசிரியைக்குத் தனியாகக் கும்பிடு. வலம்புரியில் இருப்பவர்கள் மிதக்காமல் தரையில் நிற்க, சுழன்று சுழன்று ஈர்ப்பு போன்ற விசையைத் தரும் வளையம் ஒன்று வைத்திருந்தேன். அதன் ஆரம் 25 மீட்டர். பூமியின் ஈர்ப்பு வேண்டுமென்றால் அது நிமிடத்துக்கு 6 முறை சுற்ற வேண்டும், தலையைத் திருப்பினாலே வாந்தி வரும் என்று கணக்குப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். நிதானமாக 2 சுற்று போதும் என்றால் ஆரம் 224 மீட்டர் ஆகிறது. அப்புறம் படச்சட்டத்துக்குள் கலம் எங்கே அடங்கும்? கடைசியில் 56 மீட்டர், 3 சுற்று என்று முடிவு செய்தேன். பூமியின் ஈர்ப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். டீச்சர், இதற்கு மேல் பேரம் பேச முடியவில்லை, மன்னியுங்கள்.

துண்டு மரத்தில் மாதிரி செய்து கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்த தச்சர் அண்ணனுக்கும், மின்சாரம் போனபோது செல்போன் வெளிச்சம் பிடித்தவர்களுக்கும் நன்றி. 'வெளிநாட்டுப் படம் மாதிரி இருந்தால்தான் பணம்' என்று சொன்ன தயாரிப்பாளருக்கும் நன்றிதான், ஆனால் வேறு மாதிரி நன்றி.

தொடருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. திருத்திய படத்தை அதே சுவரில் மறுபடி ஒட்டப் போகிறேன். நோட்டில் பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது. பேனாதான் காணோம், எடுத்துப் போனவர் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
வலம்புரிக்காரன்