சமையல்காரரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் பதினோரு வருடம் சிவில் துறையில் பாடம் நடத்தியவன் நான். அதில் ஒன்பது வருடம் ஐ.வி.க்கு, அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு, ஸ்டாஃப் இன்சார்ஜ். நீ பாடம் எடுத்ததைவிடப் பஸ்ஸில் தலை எண்ணியதுதான் அதிகம் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். இண்டஸ்ட்ரியல் விசிட் என்று நாம் பெயர் வைத்திருக்கிற அந்தச் சுற்றுலாவைப் பற்றித்தான் இந்த மடல்.

அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். டிராவல்ஸ்காரரே கம்பெனியின் அனுமதிக் கடிதத்தையும் வாங்கித் தந்துவிடுவார். காலை பத்து மணிக்கு ஒரு பால் பண்ணை, இல்லையென்றால் ஒரு பிஸ்கட் கம்பெனி. சிவில் பசங்களுக்கு பிஸ்கட் கம்பெனியில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. நாற்பது நிமிடம் சுற்றிக் காட்டுவார்கள், ஆளுக்கொரு பாக்கெட் கொடுப்பார்கள். வாசலில் பேனரைப் பிடித்துக்கொண்டு இடத்தைக் காட்டும் ஜியோ டேக்கோடு ஒரு குரூப் போட்டோ. அதற்கப்புறம் பஸ்ஸில் கலர் லைட்டைப் போட்டுப் பாட்டை வைத்தால், நேராக கோவா. ஆளுக்கு ஐயாயிரம், ஆறாயிரம். கட்ட முடியாத ஏழெட்டுப் பேர் "ஊர்ல திருவிழா சார்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலிலேயே இருந்துவிடுவார்கள்.

பிள்ளைகள் ஆடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருபது வயதில் ஆடாமல் எப்போது ஆடுவது? என் குறையெல்லாம் அந்தப் பஸ்ஸின் டிக்கியில் காஸ் அடுப்போடும் அண்டாவோடும் வருகிற சமையல்காரர் மேல்தான். அவர் நல்ல மனிதர், நன்றாகவும் சமைப்பார். அதுதான் சிக்கலே.

2016-இல் ஹம்பிக்குப் போனோம். விட்டலர் கோயில் கல்தேரைப் பார்த்துவிட்டு வந்தால் பஸ் நிறுத்துமிடத்தில் சாம்பார் சாதம் தயாராக இருந்தது. அப்பளம்கூட உண்டு. நாற்பத்தெட்டுப் பேரும் பேப்பர் தட்டில் வாங்கிப் பஸ் நிழலில் நின்று சாப்பிட்டார்கள். பத்தடி தள்ளி ஓர் அம்மாள் கூடையில் சோள ரொட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். காய்ந்த, வெள்ளையான, அப்பளம் மாதிரி மொறுமொறுவென்ற ரொட்டி, பக்கத்தில் ஒரு டப்பாவில் நிலக்கடலைப் பொடி. ஒரு மாணவி என்னிடம் வந்து, "சார், அது என்ன? வாங்கிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "வயித்துக்கு ஒத்துக்காதும்மா, பஸ் ஏறு." யாருக்காவது வயிறு கெட்டால் பெற்றோரிடமிருந்து எனக்குத்தானே போன் வரும்?

ஆக, நான்கு நாள் கர்நாடகத்தில் சுற்றிவிட்டு ஒரு கவளம் கர்நாடகச் சாப்பாடு தின்னாமல் ஊர் திரும்பிய நாற்பத்தெட்டுப் பொறியாளர்களை உருவாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்ததைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வளாகத்தில் புதிதாக ஹாஸ்டல் பிளாக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி கட்டும் வேலைக்கு வந்திருந்த ஒரு பையனும் என் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனும் சாயங்காலக் கிரிக்கெட்டில் பழக்கமாகியிருந்தார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தப் பையன் வந்து எட்டு மாதம்தான், ஆனால் "அண்ணா, கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிமெண்ட் துண்டு) பத்தல" என்று தமிழில் சத்தம் போடும் அளவுக்குத் தேறிவிட்டான். எங்கள் பசங்கள் அவனை 'இந்திக்காரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரம்ஜானுக்கு ஊருக்குக் கிளம்பும்போது, "செமஸ்டர் லீவுதானே, எங்க ஊருக்கு வாங்க" என்றான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதை நான்கு பேர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

ஊர், மேற்கு வங்கத்தில் மால்டா மாவட்டம். சென்னையிலிருந்து ஹவுரா, அங்கிருந்து வேறு ரயில். ஹவுரா போகும் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறிய ஒரு மணி நேரத்திலேயே பசங்களுக்கு முதல் ஆச்சரியம். பெட்டியில் பாதிப் பேர் வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்து திரும்பும் வங்காளக் குடும்பங்கள். கையில் எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "சாப்பாடு ஆச்சா?" என்று தமிழில் கேட்டார். வேலூர் லாட்ஜில் இரண்டு மாதம் தங்கியதில் கற்றுக்கொண்டாராம். அவர்கள் எத்தனையோ வருடமாக நம் ஊருக்கு வந்து போகிறார்கள். நாங்கள் ஐந்து பேரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

அந்தப் பையனின் வீட்டில் காலையில் பொரி கொடுத்தார்கள். பச்சைக் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்தது. ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் அவன்தான் இரண்டாவது கிண்ணம் கேட்டான். மதியம் சோறு, பருப்பு, மீன். சப்பாத்தியை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அங்கே மூன்று வேளையும் அரிசிதான். அப்போது ஒருவன் வயலைக் காட்டி ஒரு சொல், அடுக்களைப் பானையைக் காட்டி ஒரு சொல், தட்டைக் காட்டி ஒரு சொல் என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டான். தான், சால், பாத். நமக்கு நெல், அரிசி, சோறு. "சார், இங்கிலீஷ்ல மூணுக்கும் ரைஸ்தான். இவங்களுக்கு நம்மள மாதிரியே மூணு இருக்கு சார்!" என்று ஏதோ புதையல் எடுத்தவன் மாதிரி ஓடிவந்தான். நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் அவன் அப்படி ஓடிவந்ததில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டில் தண்ணீருக்குப் பானி. தெருமுனையில் இந்து ஒருவர் நடத்தும் டீக்கடையில் ஜொல். ஒரே மொழி, ஒரே தெரு, ஆளுக்கொரு சொல். "நம்ம ஊர் அக்ரஹாரத்துல ஜலம்னு சொல்ற மாதிரியா சார்?" என்றான் ஒருவன். ஆமாம் என்பதற்கு மேல் அவனுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பையனின் அம்மாவுக்கு இந்தி தெரியாது. எங்கள் பசங்களுக்கும் தெரியாது. அந்த வீட்டில் எல்லாருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் அவனுடைய தமிழ்தான், நம் கட்டடத்தில் கம்பி கட்டிக்கொண்டே கற்ற தமிழ். இந்திக்காரன் என்று நாம் பெயர் வைத்தவனுக்குத் தாய்மொழி வங்காளம் என்பதே எங்கள் பசங்களுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

நான்காம் நாள் அவன் அப்பா எங்களைக் கங்கைக் கரைக்குக் கூட்டிப்போனார். கரை என்றால் நம் காவிரிப் படித்துறை மாதிரி இல்லை. கேக்கை வெட்டினாற்போல் செங்குத்தாக நிற்கும் மண், கீழே கலங்கல் தண்ணீர். அவர் ஆற்றின் நடுவில் கையைக் காட்டி ஏதோ சொன்னார். பையன் மொழிபெயர்த்தான்: "எங்க பழைய வீடு அங்க இருந்துச்சு." பசங்கள் எதிர்க்கரையைப் பார்த்தார்கள். "அங்க இல்ல. தண்ணியில."

அதே கங்கையின் குறுக்கே நிற்கும் ஃபராக்கா தடுப்பணை 1975-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கொல்கத்தா துறைமுகம் வண்டலில் தூர்ந்துபோகாமல் இருக்க, கங்கை நீரைக் கால்வாய் வெட்டி ஹூக்ளி ஆற்றுக்குத் திருப்புவதற்காகக் கட்டியது. அணைக்கு மேலே வண்டல் படியப் படிய ஆறு இடது பக்கம் ஒதுங்கி, மால்டாவின் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. வீடும் மாந்தோப்பும் பள்ளிக்கூடமும் போய்விட்டன. நிலம் போனவர்களின் பிள்ளைகள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்கு ரயில் ஏறுகிறார்கள். ஆற்றங்கரை அரிப்பு பற்றி நான் இரண்டு வகுப்பு எடுத்திருக்கிறேன், போர்டில் படமெல்லாம் போட்டு. எங்கள் ஹாஸ்டல் கட்டடத்துக்கும் அந்த ஆற்றுக்கும் உள்ள தொடர்பு எனக்கே அன்றுதான் புரிந்தது. ஒரு சிவில் மாணவனுக்கு இதைவிட நல்ல ஐ.வி. எங்கே கிடைக்கும்?

ஆனால் அது ஐ.வி. கணக்கில் வரவில்லை. கம்பெனி லெட்டர் இல்லையாம். அதே காரணத்தைச் சொல்லி ரயில் சலுகைப் படிவத்திலும் கையெழுத்து மறுத்துவிட்டார்கள். கல்விச் சுற்றுலா போகும் மாணவருக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணச் சலுகை தருகிறது. பட்டியலின, பழங்குடி மாணவருக்கு முக்கால்வாசிச் சலுகை. கொரோனாவுக்குப் பிறகு முதியோர் சலுகையை நிறுத்தியபோதும் மாணவர் சலுகையைத் தொடவில்லை. அதற்கு வேண்டியது முதல்வரின் கையெழுத்தும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும். முழுக் கட்டணம் கொடுத்துமே ஹவுராவுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆயிற்று. ஹாஸ்டலில் தங்கிவிடும் அந்த ஏழெட்டுப் பேரை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். மாணவர் வேறு நாட்டில் சில மாதம் படித்துவிட்டு வரலாம், அங்கே வாங்கிய மதிப்பெண் சொந்தக் கல்லூரியில் கணக்கில் ஏறும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நம்மிடமும் திட்டம் இல்லாமல் இல்லை. 2015-இல் 'ஏக் பாரத் ஷ்ரேஷ்ட பாரத்' என்று, மாநிலங்களை ஜோடி சேர்த்துப் பழக வைக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றை அறிவித்து, தமிழ்நாட்டுக்கு ஜோடியாக ஜம்மு காஷ்மீரைச் சேர்த்தார்கள். அதன் அரசியலை விடுங்கள். நம் கல்லூரிகளில் அது என்னவாயிற்று? நான்கு மாணவிகள் வாடகைக்கு எடுத்த காஷ்மீர் உடுப்பில் ஆடிடோரியத்தில் ஆடினார்கள், போட்டோ எடுத்தோம், அறிக்கையில் சேர்த்தோம். அவர்களில் ஒருத்திகூட ஜம்மு ரயில் நிலையத்தைப் பார்த்ததில்லை.

மாணவிகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மால்டாவுக்கு வர ஒரு மாணவியும் கேட்டாள், ஹம்பியில் சோள ரொட்டி கேட்டாளே, அவள்தான். அவள் அப்பா சம்மதிக்கவில்லை என்றாள். நான் ஒரு போன் போட்டுப் பேசியிருக்கலாம். ஒரு பெண் விரிவுரையாளரையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அதே அப்பா தனியாக ரயில் ஏற்றிவிட்டார். சம்பளம் என்றால் அனுப்புவோம், ஊர் பார்க்க என்றால் மாட்டோம். பல கல்லூரிகளில் பெண்களுக்கு ஒருநாள் ஐ.வி. மட்டும்தான் என்று எழுதாத சட்டமே இருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படை 2020 முதல் 'மேரி சஹேலி' என்ற திட்டத்தில் தனியாகப் பயணிக்கும் பெண்களை இருக்கையில் வந்து விசாரிக்கிறது. ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் செய்தால் ஆள் வருகிறார்கள். ஒரு பெண் பேராசிரியர், நான்கு மாணவிகள், ஒரே பெட்டியில் டிக்கெட். இதைச் சொல்லி எந்த அப்பாவிடமும் பேசலாம், பேசவேண்டியவர் நீங்கள்.

எல்லா மாணவரையும் மால்டாவுக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஐம்பது பேரை ஒரே பஸ்ஸில் அடைத்தால் அது நகரும் தமிழ்நாடு, எந்த ஊரும் உள்ளே நுழையாது. நான்கு நான்கு பேராகப் பிரித்து ரயிலில் அனுப்புங்கள். உங்கள் கேண்டீனில் தட்டுக் கழுவுகிறவர், செக்யூரிட்டி, கம்பி கட்டுகிறவர் எல்லாருக்கும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கல்லூரியும் இருக்கும். அதன் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினால் விடுமுறையில் ஹாஸ்டலில் நான்கு கட்டில் கிடைக்காதா? பதிலுக்கு அவர்கள் பிள்ளைகள் மே மாதம் உங்கள் ஹாஸ்டலுக்கு வரட்டும். வெயில்தான், பரவாயில்லை, அவர்களும் நம் சாம்பாரை முகம் சுளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம், சென்னையில் வேலையிலிருந்த என் பழைய மாணவனுக்கு மால்டாவிலிருந்து போன் வந்தது. அந்த அம்மாதான். பக்கத்து வீட்டு ஆள் அரைகுறை ஆங்கிலத்தில் பேச, பின்னால் அவர் அழுவது கேட்டதாம். மகன் போன் எடுக்கவில்லை. அவன் அப்போது பெரும்பாக்கத்தில் ஒரு சைட்டில் இருந்தான். இவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஆறாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறான். கீழே கூப்பிட்டு, வீடியோ காலில் இரண்டு பேரும் சேர்ந்து முகத்தைக் காட்டினார்கள். "பாத் கேயேச்சோ?" என்று அந்த அம்மா கேட்டாராம். சோறு சாப்பிட்டாயா என்று. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்றான்.

ஜனவரி, பிப்ரவரியில் ஐ.வி. ஃபைல்கள் உங்கள் மேசைக்கு வரும். அதில் டிராவல்ஸ்காரரின் கொட்டேஷன் இருக்கும், மூன்றாவது நான்காவது வரியில் 'சமையல் ஆள் 2, காஸ் உட்பட' என்று போட்டிருக்கும். முதலில் அந்த வரியை அடித்துவிட்டு, அப்புறம் ஃபைலை மாணவர்களிடமே திருப்பிக் கொடுத்து, எங்கே போகலாம் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஐ.வி. ஸ்டாஃப் இன்சார்ஜ்