மோட்டன் பேச முடியாமல் போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து அமெரிக்க மேடைப் பேச்சுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1933 மார்ச்சில் வங்கிகள் மூடிக் கிடந்தபோது அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியதை எழுதியிருந்த பகுதி அருமை. மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்திருக்கும் வங்கியில் பணத்தைப் போடுவது பத்திரம் என்று வீட்டுப் பெரியவர் மாதிரி எடுத்துச் சொன்னார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது ஜனங்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து கட்டினார்கள். ஆனால் கட்டுரையில் ஒரு பெயர் இல்லாதது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ராபர்ட் ரஸ்ஸா மோட்டன்.

1922 மே 30, வாஷிங்டனில் லிங்கன் நினைவகத் திறப்பு விழா. அதிபர் ஹார்டிங் வந்திருந்தார். நினைவகக் குழுவின் தலைவர் டாஃப்ட். முன்னாள் அதிபர், அப்போது தலைமை நீதிபதி. லிங்கனின் மகன் ராபர்ட்டும் 78 வயதில் வந்து உட்கார்ந்திருந்தார். கறுப்பின மக்கள் சார்பில் பேச அழைக்கப்பட்டவர் மோட்டன். தென் மாநிலமான அலபாமாவில், கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கீகி கல்வி நிலையத்தில் அதன் முதல் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பிறகு பொறுப்பேற்றவர். நிதானமானவர், யாரையும் சீண்டாதவர் என்று பெயர் வாங்கியவர். அதனால்தான் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அந்த நிதானமான மனிதர் எழுதி வைத்திருந்த உரையில் ஓர் இடம் வருகிறது. லிங்கன் எதற்காக உயிரை விட்டாரோ அதை நாட்டின் எல்லா மாநிலங்களிலும் நாம் சேர்ந்து நடைமுறையாக்காவிட்டால், இந்த நினைவகம் வெற்றுக் கேலிதான், பாசாங்கின் சின்னம்தான் என்று எழுதியிருந்தார். உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தவர்கள் சுருக்கச் சொன்னார்கள், காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். மேடையில் அவர் படித்த உரையில் அந்த வரிகள் இல்லை.

இதில் என்னால் தாங்க முடியாத விஷயம் இன்னொன்று. லிங்கனுக்காக நடக்கிற விழாவிலேயே கறுப்பின விருந்தினர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். பிடிக்காமல் சிலர் எழுந்து போனார்கள். மோட்டன் எழுதியது உண்மை என்பதற்கு அவர் கண் முன்னாலேயே சாட்சி இருந்தது, சொல்லத்தான் விடவில்லை. அப்புறம் பேசிய ஹார்டிங், லிங்கனின் பெருமை நாட்டைப் பிரியாமல் காத்ததில்தான், அடிமை ஒழிப்பு அதற்கு ஒரு வழியாக இருந்தது என்ற பொருளில் பேசினார். இத்தனைக்கும் முந்தைய வருடம்தான் அவர் அலபாமாவின் பர்மிங்காம் நகருக்குப் போய், கறுப்பர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வெள்ளையர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த நினைவகப் படிக்கட்டில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய இடத்தைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்த்தேன். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான், ஆனாலும் அன்று எனக்கு மோட்டனைத் தெரியாது. திரும்பி வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்கள் கட்டுரையாளர் 1939 ஏப்ரல் 9ஐயும் விட்டுவிட்டார். நிறத்தைக் காரணம் காட்டி அரங்கம் மறுக்கப்பட்ட பாடகி மரியன் ஆண்டர்சன், ஈஸ்டர் ஞாயிறன்று அதே படிக்கட்டில் நின்று சுமார் 75,000 பேர் முன்னால் பாடினார். அவரை அறிமுகம் செய்து பேசியவர் உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கிஸ். வானத்தின் கீழுள்ள இந்தப் பெரிய அரங்கத்தில் நாம் எல்லோரும் சுதந்திரமானவர்கள், மேதைமை நிறம் பார்த்துக் கோடு கிழிப்பதில்லை என்றார். 17 வருடத்துக்கு முன் அதே இடத்தில் இருக்கையைப் பிரித்துப் போட்டதை வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சின்ன உரையின் கனம் புரியும்.

ஒரு வேண்டுகோள். மோட்டன் எழுதிய உரை, அவர் மேடையில் படித்த உரை இரண்டையும் தமிழாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். வெட்டப்பட்ட வரிகளைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்